நெட்டுருவும் தர்க்கமும்: சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபும் பள்ளிகளில் நாடகம் கற்பித்தலும்

முன்னுரை

1891ஆம் ஆண்டு தமிழ் நாடக வரலாற்றில் மூன்று வகையில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அச்சேறியது. அதே ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியாரும் அவர்தம் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தனர். ஏறத்தாழ அக்காலத்திலேயே, தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சங்கரன் என்னும் 24 வயது இளைஞர் அவ்வேலையைத் துறந்து நாடகக் குழுவொன்றில் சேர்ந்தார். முதலாவது, படிப்பதற்கென எழுதப்பட்ட நாடகத்தின் தொடக்கம். இரண்டாவது, ஆங்கிலக் கல்வி பெற்றோரின் பயில்முறை அரங்கின் தொடக்கம். மூன்றாவது, பிற்காலத்தில் ஏழைச் சிறுவர்களின் நாவில் வெண்பாவையும் விருத்தத்தையும் ஏற்றிய ஒரு மரபின் தொடக்கம். தமிழகப் பள்ளிக்கூடம் முதலாவதைப் பாடமாக ஏற்றது. இரண்டாவதை ஆண்டுவிழாவாக ஏற்றது. மூன்றாவதைப் பெரும்பாலும் வாயிற்படிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டது.

செவ்வியல் நாடகங்களைக் கணினி விளையாட்டின் வழியாகவும் நடிப்பின் வழியாகவும் மாணவர்க்குக் கற்பிக்கும் முயற்சிகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் மேற்கொள்ளப்பட்டுள்ளன. அம்முயற்சிகள் எழுப்பும் வினாக்களுள் முதன்மையானது, பனுவலை மாறாமல் காப்பதா, மாணவரை அதனுள் விளையாட விடுவதா என்பதாகும். இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் இரு வேறு அரங்குகளில் இரு வேறு வகையாகப் பயிலப்பட்டன. பாலர் சபை அவற்றை நெட்டுருவாக்கியது. ஸ்பெஷல் நாடகம் அவற்றைத் தர்க்கத்துக்குத் திறந்துவிட்டது. இவ்விரு பயிற்சிகளும் வகுப்பறையில் ஒருங்கே சேரவில்லை என்பதே பள்ளி நாடகக் கல்வியின் குறை என இக்கட்டுரை கருதுகிறது.

உப்புக் கணக்கிலிருந்து அரங்குக்கு

சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். அன்று அது திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதி. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான். தந்தையார் தாமோதரத் தேவர் இராமாயணப் புலமையால் அறியப்பட்டவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் சங்கரன் தமிழ் பயின்றார். யாப்பில் அவருக்கிருந்த வேகம் இப்பயிற்சியின் பயன். உப்பளக் கடற்கரையில் கணக்கெழுதி வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவருக்குக் கிடைத்த அக்கல்வி கல்லூரிக் கல்வியன்று. அது செவிவழிக் கல்வி. பாடலைக் கேட்டு, சொல்லி, மீண்டும் சொல்லி மனத்தில் நிறுத்தும் கல்வி. பின்னாளில் அவர் சிறுவர்களுக்குக் கற்பித்த முறையை இதனோடு சேர்த்தே நோக்க வேண்டும்.

நடிகராக அவர் ஏற்றவை பெரும்பாலும் இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் போன்ற அச்சந்தரும் வேடங்கள். அவருடைய வேடத்தைக் கண்டு ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு நேர்ந்த கேடே அவரை நடிப்பிலிருந்து விலக்கியது என்பது நாடக உலகில் வழங்கிவரும் செய்தி. இதன் உண்மைத்தன்மையை அளக்கும் சான்றுகள் அரியன. ஆயினும் ஒன்று தெளிவு: நடிகர் ஆசிரியரானார். நாடக உலகில் ஆசிரியர் என்னும் சொல்லுக்கு இரு பொருளுண்டு. நாடகத்தை இயற்றுபவரும் அவரே. அதைச் சொல்லிக்கொடுப்பவரும் அவரே. சுவாமிகளிடம் இவ்விரண்டையும் பிரித்துக் காண்பது அரிது.

அவருக்கு முன்பு கதைப்போக்கும் பாடல்களும் ஓரளவு வரையறுக்கப்பட்டிருந்தன. வசனமோ பெரும்பாலும் நடிகரின் வாய்க்கு வந்ததாக இருந்தது. சுவாமிகள் பாடலோடு வசனத்தையும் எழுதி நிலைப்படுத்தினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, சதி சுலோசனா, பிரகலாதன் முதலியவை இவ்வாறு பனுவல்களாயின. பெரியவர்களான நடிகர்கள் இக்கட்டுப்பாட்டுக்கு எளிதில் இணங்கவில்லை. சுவாமிகள் சிறுவர்களை நோக்கித் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர். 1910இல் அவர் தோற்றுவித்த சமரச சன்மார்க்க நாடக சபையும், 1918இல் மதுரையில் அமைந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் இத்திருப்பத்தின் இரு மைல்கற்கள்.

பாலர் சபை என்னும் பயிற்சிக்கூடம்

பால சபையின் உள்வாழ்வை அறிய இன்று கிடைக்கும் தலையாய சான்று, தி. க. சண்முகம் 1972இல் வெளியிட்ட 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலாகும். 1912இல் பிறந்த அவர், தம் தமையன்மாருடன் பால சபையில் சேர்ந்தபோது ஆறு வயதுச் சிறுவர். ஆறு வயதில் எழுத்தைக் கூட்டிப் படிப்பதே கடினம். அவ்வயதுச் சிறுவர் ஓர் இரவு முழுவதும் நீளும் புராண நாடகத்தில் பாட்டும் வசனமும் பிழையறச் சொல்ல வேண்டியிருந்தது. ஆசிரியர் சொல்லச் சிறுவர் திரும்பச் சொல்வது, பாடலின் மெட்டோடு சொல்லைப் பிணைப்பது, பிறர் ஒத்திகையைக் கேட்டுக்கேட்டே அடுத்த வேடத்தின் பாடத்தையும் அறிந்துகொள்வது என்பதாகக் கற்றல் நடந்தது. பொருள் பின்னர் வந்தது. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து வந்தது.

பொருளறியா நெட்டுருவை இன்றைய கல்வியியல் ஐயத்தோடு நோக்குகிறது. அவ்வையத்துக்கு இடமுண்டு. ஆனால் நாடகத்தைப் பொறுத்தவரை நெட்டுரு தன்னளவில் முடிந்துபோவதில்லை. மேடையில் எதிர்நிற்பவர் ஒரு சொல் சொன்னதும் அதற்கு விடையாக அமையும் சொல்லைத் தக்க உணர்ச்சியோடு சொல்லியாக வேண்டும். கை எங்கே உயரும், கால் எங்கே பெயரும் என்பது அச்சொல்லோடு சேர்ந்தே பதிகிறது. எனவே பொருளின் ஒரு பகுதியை அகராதிக்கு முன்பே உடல் அறிந்துவிடுகிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதை மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாம் வயதில் மேடையேறியதாகக் காட்டுவதும், ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன் எனப் பல ஆசிரியரை அவளுக்கு வகுப்பதும் இவ்விடத்து நினைக்கத்தக்கன. பால சபையில் இவ்வாசிரியர் பலரின் பணியையும் பெரும்பாலும் ஒருவரே சுமந்தார்.

முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு இவ்வகைக் கற்பித்தல் முற்றிலும் அயலானதன்று. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், மணியடித்துச் சிறுவரைத் திரட்டித் தமிழில் மந்திரங்களை மனனம் செய்வித்ததையும், அச்சிறுவர் வீடு சென்று பெற்றோருக்குக் கற்பித்ததையும் தம் மடல்களில் எழுதியுள்ளார். கற்பித்தவருக்கே தமிழ் அரைகுறை. இருந்தும் பனுவல் பரவியது; பரப்பியவர்கள் சிறுவர்கள். சமயப் பணிக்கும் நாடகத் தொழிலுக்கும் வரலாற்றுத் தொடர்பு காட்டுவது இங்கு நோக்கமன்று. எழுத்து நுழையாத வீடுகளுக்குள் சிறுவரின் குரல் பனுவலைக் கொண்டுசென்றது என்னும் ஒப்புமை மட்டுமே இங்குக் கருதத்தக்கது.

சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அதனைப் புலமையின் வியப்பாக மட்டும் சொல்லிச் செல்வது வழக்கம். கல்வி நோக்கில் வேறொன்றும் அதில் உண்டு. ஒரு குறிப்பிட்ட சிறுவனின் குரல் எல்லை, மூச்சு, துடுக்கு, நினைவாற்றல் ஆகியவற்றை அறிந்த ஆசிரியர், அவற்றுக்கு ஏற்பப் பனுவலை ஆக்கினார். மாணவனுக்கேற்ற பாடம் என்று இன்று பேசப்படுவதன் உச்சநிலை இதுவே. அச்சிட்ட பாடநூலுக்கு இது இயலாது.

எனினும் இச்சபைகளைக் குருகுலமாகப் போற்றி நிறுத்திவிடுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. சிறுவர்கள் ஊதியத்துக்கு உழைத்தவர்கள். இரவு முழுதும் நாடகம், பகலில் உறக்கமும் ஒத்திகையும், ஓயாத ஊர்ப்பயணம் என்னும் வாழ்வில் பொதுக்கல்விக்கு இடமில்லை. தண்டனை கடுமையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மகரக்கட்டு என்று நாடக உலகம் வழங்கும் குரல் உடையும் பருவம் ஒவ்வொரு சிறுவனையும் காத்திருந்தது. பெண் வேடத்திலும் பாட்டிலும் பெயர்பெற்றவன் ஓராண்டுக்குள் பாட முடியாதவனாவான். குரல் மீளாதவன் வீடு திரும்பும்போது அவன் கையில் படிப்புமில்லை, வேறு தொழிலுமில்லை. எஸ். ஜி. கிட்டப்பா, டி. கே. எஸ். சகோதரர்கள், பிற பாலர் குழுக்களில் வளர்ந்த ம. கோ. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் ஆகியோரின் பெயர்கள் வரலாற்றில் நின்றன. அவர்களுக்கு இணையாகப் பாடம் சொன்ன பிறர் எத்தனை பேர் என்பதைக் கணக்கெழுதியவர் எவருமில்லை.

விதியும் விளையாட்டும்

சுவாமிகளின் பனுவல்கள் பால சபையோடு நிற்கவில்லை. பெரியவர்கள் நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கும் அவையே அடிப்படையாயின. ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு இல்லை. வள்ளி ஓர் ஊரிலிருந்தும் நாரதர் இன்னோர் ஊரிலிருந்தும் வேலன் பிறிதோர் ஊரிலிருந்தும் ஒரே இரவுக்கென அமர்த்தப்படுவர். கோயில் கொடை நடக்கும் ஊரின் மேடையில்தான் அவர்களுட் சிலர் முதன்முதலாகச் சந்திப்பர். ஒத்திகை கிடையாது. இம்மரபை விரிவாகக் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட நூல், இக்கலைஞர்களின் வாழ்வையும் அவர்கள்மீது சுமத்தப்பட்ட இழிவையும் பதிவு செய்துள்ளது.

ஒத்திகையின்றி ஓர் இரவு நாடகம் எவ்வாறு நிகழ இயலும்? அனைவரும் ஒரே பனுவலை அறிந்திருப்பதால் இயலும். இன்ன காட்சியில் இன்ன பாடல், அதன்பின் இன்னார் வருகை என்பன மாறா விதிகள். ஆனால் அவ்விதிகளுக்கு நடுவே ஓர் அகன்ற வெளி உண்டு, அதுவே தர்க்கம். வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் நாரதர் வந்து வாதிடும் காட்சியில் எவர் என்ன வினவுவர், எதை மேற்கோள் காட்டுவர், எவர் மடக்கப்படுவர் என்பது முன்கூட்டி முடிவாவதில்லை. துறவு பெரிதா இல்லறம் பெரிதா என்று தொடங்கும் வாதம் இலக்கணத்துக்குத் தாவும். ஊர்ச் செய்திக்கு இறங்கும். அவையோர் ஒருவர் பக்கம் சாய்வர், ஆரவாரத்தால் புள்ளியிடுவர். இறுதியில் வள்ளி முருகனை மணந்தே தீருவாள். முடிவு மாறாது, அதை அடையும் வழி ஒவ்வோர் இரவும் மாறும்.

விளையாட்டு என்பதன் இலக்கணத்தை இதைவிடச் செவ்வையாகக் காட்டும் அரங்கு தமிழில் வேறு இல்லை எனலாம். அவ்வெளி வெறும் பொழுதுபோக்காகவும் இருக்கவில்லை. விடுதலைப் போராட்டக் காலத்தில் விசுவநாததாஸ் புராண வேடத்தில் நின்றவாறே வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டைப் பாடி ஆங்கில ஆட்சியைச் சாடினார். வள்ளியின் புனத்தில் பறவை விரட்டும் காட்சி ஏற்கெனவே பனுவலில் உள்ளது. கொக்கு மட்டும் புதிது. விதி கெடாமல் விளையாட்டு நிகழ்ந்ததால் அவையோர் உடனே பொருள் கொண்டனர். அதற்காக அவர் சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் துறந்தார்.

பால சபைச் சிறுவனுக்கு இவ்வெளி கிடைக்கவில்லை என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். அவன் பனுவலை முழுமையாகப் பெற்றான். அதனோடு வாதிடும் உரிமையைப் பெறவில்லை. ஸ்பெஷல் நாடக நடிகர் அவ்வுரிமையைப் பெற்றிருந்தார். ஆனால் வாதம் நீள நீளப் பாடல்கள் குறுகிப் பனுவல் தேய்ந்த இரவுகளும் உண்டு.

வகுப்பறைக்கு வந்த நாடகம்

மனோன்மணீயத்தின் ஆசிரியர் திருநெல்வேலியில் ஆங்கிலத் தமிழ்ப் பள்ளியின் தலைமைப் பொறுப்பு வகித்துப் பின்னர்த் திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்த பேராசிரியர். லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாடல் ஒன்றைத் தழுவி, பாண்டியன் சீவகன் திருநெல்வேலியைத் தலைநகராக்கிக் கோட்டை கட்டுவதாக அவர் கதை அமைத்தார். செய்யுள் நாடகமாகிய அந்நூல் கற்றோர் படித்துச் சுவைக்க எழுந்தது. அதன் தமிழ்த்தெய்வ வணக்கம் 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக அரசால் ஏற்கப்பட்டது. தமிழகப் பள்ளி மாணவர் அனைவரும் ஒரு நாடக நூலின் அடிகளைக் காலை வழிபாட்டில் நின்று, குரலெடுத்து, பிறரோடு சேர்ந்து மனப்பாடமாகச் சொல்கின்றனர். ஆனால் அவ்வடிகளுக்கு அப்பாலுள்ள நாடகத்தை நடித்தவரோ நடிக்கக் கண்டவரோ அரியர். பாடநூலில் அதன் பகுதி இடம்பெறும்போது அது செய்யுட் பகுதியாகவே வருகிறது. அருஞ்சொற்பொருளும் இலக்கணக் குறிப்பும் கேட்கப்படுகின்றன. நாடகத்தின் பாயிரம் அரங்கேறியது, நாடகம் அரங்கேறவில்லை.

இதற்கு மாறான ஒரு நிகழ்வு தூத்துக்குடி மாவட்டத்துப் பாஞ்சாலங்குறிச்சியோடு தொடர்புடையது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனின் கதை கதைப்பாடலாகவும் கூத்தாகவும் தென்மாவட்டங்களில் வழங்கிவந்தது. சிறுவயதில் கண்ட கட்டபொம்மன் கூத்தே தம்மை நடிப்புக்கு ஈர்த்தது எனச் சிவாஜி கணேசன் தம் வரலாற்றில் கூறுகிறார். சக்தி கிருஷ்ணசாமி எழுதி 1957இல் மேடையேறிய நாடகம் 1959இல் பி. ஆர். பந்துலுவின் திரைப்படமாயிற்று. அதன்பின் எந்தப் பாடத்திட்டமும் விதிக்காமலேயே, வரி பற்றிய அந்த வசனம் பள்ளி ஆண்டுவிழாக்களிலும் மாறுவேடப் போட்டிகளிலும் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர் நாவில் குடியேறியது. பாலர் குழுவில் பயின்ற ஒரு நடிகரின் குரல், ஒலிபெருக்கி வழியாகவும் திரை வழியாகவும் நாடெங்கும் ஆசிரியரானது எனலாம். அட்டைக் கத்தியும் ஒட்டு மீசையுமாக நிற்கும் ஐந்து வயதுச் சிறுவனுக்கு அவ்வசனத்தின் மூச்சும் ஏற்றமும் தெரியும். கிஸ்தி என்ன என்பது தெரியாது.

இங்கும் ஒரு குறை உண்டு. எல்லோரும் கட்டபொம்மனாகவே நிற்கின்றனர்; எதிரே நிற்கும் ஜாக்சனாக எவரும் நிற்பதில்லை. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நிகழ்ந்த அச்சந்திப்பு அரசு ஆவணங்களில் ஒருவகையாகவும், கதைப்பாடலில் ஒருவகையாகவும், நாடகத்தில் மற்றொருவகையாகவும் உள்ளது. பாளையக்காரரைக் குற்றாலம் தொடங்கி ஊர் ஊராக அலையவைத்த ஆட்சியர், கோட்டையில் நேர்ந்த கைகலப்பு, கிளார்க் என்னும் படை அதிகாரியின் சாவு, பின்னர் நடந்த விசாரணை, ஜாக்சனின் இடத்துக்கு லூஷிங்டன் வந்தது ஆகிய அனைத்தும் வாதத்துக்கு உரியவை. வசனம் மனப்பாடமான பிறகு தொடங்க வேண்டிய தர்க்கம் பள்ளி மேடையில் கைதட்டலோடு முடிந்துவிடுகிறது.

திரையில் ஓர் அரங்கு

கணினி விளையாட்டின் வழியே நாடகம் கற்பிக்கும் முயற்சிகளுள் இரண்டு ஒப்பிடத்தக்கவை. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா தலைமையில் ஆர்டன் என்னும் இணைய விளையாட்டு உருவாக்கப்பட்டு 2007இல் வெளியானது. மூன்றாம் ரிச்சர்டு நாடகத்தின் உலகில் மாணவர் உலவலாம், மாந்தரோடு பேசலாம், ஷேக்ஸ்பியரின் வரிகளைத் திரட்டலாம். மக்கார்தர் அறக்கட்டளை 2,50,000 டாலர் நல்கிய அம்முயற்சியில் பனுவல் மிகுந்தது, ஆனால் விளையாட்டுச் சுவை இல்லை என்பதை அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வரிகள் அங்கே சேகரிக்கும் பொருள்களாயின. எவரும் அவற்றை எவரை நோக்கியும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜினா புளூம் குழுவினர் ஆக்கிய 'பிளே த நேவ்' வேறு வழியில் சென்றது. மாணவர் ஒரு காட்சியையும் அரங்கையும் உருவங்களையும் தேர்ந்துகொண்டு, உடலசைவை உணரும் கருவியின் முன் நிற்கின்றனர். வரிகள் திரையில் ஓட, அவற்றை உரக்கச் சொல்லி நடிக்க, திரையிலுள்ள உருவம் அவர்தம் கைகால் அசைவைப் பின்பற்றுகிறது. உருவத்தின் அசைவு சில வேளை பிசகும். முழங்கை தவறான பக்கம் மடங்கும். அப்பிசகே, தம் கை எந்தச் சொல்லுக்கு எவ்வாறு அசைந்தது என்பதை மாணவர் கவனிக்கச் செய்கிறது. கூச்சமுள்ள மாணவருக்குத் திரை உருவம் ஒரு வேடமாகவும் உதவுகிறது. முகத்தில் அரிதாரம் பூசிய பால சபைச் சிறுவனுக்குக் கிடைத்த மறைப்பு இதுவே.

இவ்விரண்டையும் தமிழ் மரபோடு வைத்து நோக்கினால், ஆர்டனில் குரல் இல்லை. டேவிஸ் முயற்சியில் குரலும் உடலும் உண்டு, ஆனால் வரி மாறாது. அது பால சபைக்கு நெருக்கமானது. குரல் உடைந்தாலும் வீட்டுக்கு அனுப்பாத பால சபை என்று சொல்லலாம். ஸ்பெஷல் நாடகத்தின் தர்க்க வெளிக்கு ஈடான விளையாட்டு இன்னும் வேண்டப்படுகிறது. தமிழில் அதற்குத் தொடக்கமாகத் தக்கது வள்ளி, நாரதர் தர்க்கக் காட்சியே. மாறா எல்லை இரண்டு: முதற் பாடலும் இறுதிப் பாடலும். அவற்றை மாணவர் மெட்டோடு மனனம் செய்தல் வேண்டும். இடைப்பட்ட வெளியில் வினாவும் விடையும் அவர்களுடையவை. மேற்கோள் காட்டத் திருக்குறளும் சங்கப் பாடலும் கைவசம் இருக்க, ஒரு குழு வாதிட மற்றொரு குழு அவையாக அமர்ந்து தீர்ப்பிடும். விலையுயர்ந்த உணர்கருவி இல்லாத ஊரகப் பள்ளியில் இதற்கு ஒரு கைப்பேசியின் ஒளிப்பதிவே போதும். அதுவும் இல்லையெனில் கரும்பலகையில் புள்ளியிடலாம்.

நடைமுறையில் ஒரு தடை உண்டு. சுவாமிகளின் நாடகங்கள் நடிகரின் நினைவிலும் கையெழுத்துக் குறிப்பேடுகளிலும் மலிவுப் பதிப்புகளிலும் வாழ்ந்தவை. ஆகவே ஒரே காட்சிக்குப் பாடவேறுபாடுகள் பல. பதிப்பாசிரியருக்கு இது இடர்ப்பாடு. வகுப்பறைக்கோ இரு பாடங்களையும் நடித்துப் பார்த்து, எது மேடையில் நிற்கிறது என்று மாணவரே தேர்வதற்கு ஏற்ற வாய்ப்பு. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அங்கு வருவோர் பட்டப்படிப்பு முடித்தவர்கள். அவர் கற்பித்தவர்களோ ஆறு வயதிலிருந்து தொடங்கியவர்கள்.

1921இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது, பேச்சு நின்றது. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறையும் வரை அவர் சிறுவர்களுடனேயே இருந்தார். சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்குச் சொல் இல்லாத அம்மாதங்களிலும் பால சபையின் நாடகங்கள் நிற்கவில்லை. பாடம் ஏற்கெனவே சிறுவர்களிடம் இருந்தது.